உலோகமும் கைப்பழக்கமும்

கைத்தேர்ச்சி பற்றி நம் இலக்கிய வட்டத்தில் நிலவும் கருத்து பெரும்பாலும் கைத்தொழில் எதையும் செய்தறியாதவர்களின் கருத்து. தச்சன், குயவன், கொல்லன் என்று உவமைக்கு வேண்டியபோது கூப்பிட்டுக்கொள்கிறோம். உவமை முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். அந்த உவமைகளில் கை தவறுவதே இல்லை. பல வருஷப் பழக்கத்தில் கைக்கு ஒரு ஞானம் வந்துவிடுகிறது, பிறகு அது தானாகவே சரியானதைச் செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. நாற்பது வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில் லேத் முன்னால் நின்றவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழகிய உலோகத்தில்தான் கை ஞானி. பழகாத ஒன்று வந்து சக்கில் உட்காரும்போது அதே கை மூடனாகிறது. தான் மூடனானது அதற்குத் தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து.

என் தலைமுறை டர்னர்களுக்கு இந்த ஊரில் முதல் உலோகம் வார்ப்பிரும்பு. ஊரில் பவுண்டரிகள், பவுண்டரிகளை நம்பி பம்புசெட்டுகள், பம்புசெட்டுகளை நம்பி, தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்த கிணறுகள். நான் 1977-ல் சேர்ந்த பட்டறையில் காலையில் வண்டியில் வந்து இறங்குவது பம்பு பாடி, மோட்டார் கவர், புல்லி. எல்லாம் வார்ப்பு. வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவிகிதம் வரை கரி இருக்கிறது. அதில் பெரும் பகுதி இரும்பினுள்ளே செதில் செதிலாக கிராஃபைட்டாகப் படிந்திருக்கிறது. டூல் முன்னேறும்போது உலோகம் அந்தச் செதில்களின் வழியே தானாக உடைந்து உதிர்கிறது. சுருள் வராது, கறுப்புப் பொடிதான் வரும். கிராஃபைட்டே மசகாகிவிடுவதால் எண்ணெய் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தண்ணீர் விட்டால் பொடி சேறாகி லேத்தின் பெட்டை அரித்துத் தேய்த்துவிடும். வார்ப்பின் மேல்தோல் மட்டும் பொல்லாதது. அச்சுமணல் ஒட்டியிருக்கும், சீக்கிரம் குளிர்ந்த இடங்கள் கண்ணாடி போல இறுகியிருக்கும். ஆகவே முதல் வெட்டு தோலுக்குக் கீழே போகவேண்டும். தோலைச் சும்மா உரசினால் டூல் முனை போயிற்று. தோல் போனபின் வார்ப்பிரும்பு போல சாதுவான உலோகம் இல்லை. நிறுத்தலாம், அளக்கலாம், மறுபடி தொடலாம். சந்தேகம் வந்தால் கையை இளக்கிக்கொள்ளலாம். எத்தனை தடவை தயங்கினாலும் அது பொருட்படுத்துவதில்லை.

ஆறு வருஷம் இப்படி. கர்ச்சீப்பில் மூக்கைச் சிந்தினால் கறுப்பு. இந்த ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது பொறுமை என்றும், பொறுமைதான் லேத்தின் சட்டம் என்றும் நம்பியிருந்தேன். இன்று யோசிக்கும்போது அது லேத்தின் சட்டமாகத் தோன்றவில்லை. வார்ப்பிரும்பின் பெருந்தன்மை அது. முதல் உலோகத்தின் குணங்களை உலகத்தின் குணங்கள் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நேர்வது. தாய்வீட்டுச் சமையலைச் சமையல் என்றே நினைப்பது போல.

முதல் எச்சரிக்கை பித்தளையிடமிருந்து வந்தது. ஏதோ வால்வுக்கான புஷ். மேஸ்திரி என் டூலை வாங்கிப் பார்த்தார். கூராகச் சாணை பிடித்து வைத்திருந்த முனை. எண்ணெய்க்கல்லை எடுத்து, மேல்சரிவை இரண்டு இழுப்பில் தட்டையாக்கிக் கொடுத்தார். "பித்தளைக்குக் கூர் ஆகாது கண்ணு. கூரா இருந்தா அது டூலை உள்ளே இழுத்துக்கும்." ஸ்டீலுக்கு டூலின் மேல்முகம் பின்னோக்கிச் சரிந்திருக்கவேண்டும், வெட்டுப்பட்ட சுருள் அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு போகும். பித்தளையில் அதே சரிவு டூலை ஜாபுக்குள் இழுக்கிறது. ஸ்க்ரூவில் இருக்கும் கொஞ்சநஞ்ச தளர்ச்சியையும் பயன்படுத்திக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்கிறது. துளை போடும் டிரில்லுக்கும் இதே கதி. பித்தளைக்கென்று வைத்திருக்கும் டிரில்லின் உதடுகளைக் கல்லில் மழுங்கடித்து வைப்பார்கள். மென்மையான உலோகம், ஆகவே கூர்மையான கருவி என்று தர்க்கம் சொல்லும். தர்க்கத்துக்கு இங்கே வேலை இல்லை.

ஆனால் செம்புக்குப் போனால் இதுவும் பொய். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தாயும் மகளும் மாதிரி. தாய்க்கு வேண்டியது மகளுக்கு ஆகாது. செம்பு பிசுபிசுவென்று டூலில் ஒட்டும். அலுமினியமும் அப்படியே. முனையில் ஒரு துணுக்கு வெந்து ஒட்டிக்கொண்டு, தானே டூல் மாதிரி வெட்ட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் அது பெயர்ந்து போகும்போது ஜாபின் பரப்பையும் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே இவற்றுக்கு நல்ல சரிவு, நல்ல கூர், மெருகேற்றிய முகம், கூடுதல் வேகம். அலுமினியத்துக்கு மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். டர்னருக்கு இணக்கமான பித்தளையில் சுமார் 3 சதவிகிதம் ஈயம் கலந்திருக்கும். அது செம்பிலும் துத்தநாகத்திலும் கரையாமல் பொட்டுப் பொட்டாகத் தனியே நின்று, சுருளை உடைத்துக் கொடுக்கிறது. வார்ப்பிரும்பில் கிராஃபைட் செய்யும் வேலை. உலோகம் தனக்குள் கொஞ்சம் பலவீனத்தை வைத்துக்கொண்டிருந்தால்தான் நமக்கு இசைந்து வருகிறது என்று அந்த நாளில் நோட்டில் எழுதி வைத்தேன். வாக்கியம் அழகாக இருந்தது. அந்த அழகு அடுத்த உலோகம் வரும்வரைதான்.

அடுத்த உலோகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1912-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து க்ருப் ஆலை குரோமியமும் நிக்கலும் கலந்த வகைக்கு உரிமை பதிந்தது. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் மட்டும் சேர்ந்த வகையை உருக்கினார். எழுபது வருஷம் கழித்து, 1983-ல், எங்கள் பட்டறைக்கு அது ஷாஃப்ட் உருவில் வந்தது. 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். பார்க்க வெள்ளை, காந்தம் பிடிப்பதில்லை. அரத்தை வைத்துப் பார்த்தால் அப்படியொன்றும் கெட்டியில்லை. கையில் இருக்கும் எந்த அளவுகோலும் இது கஷ்டமான உலோகம் என்று சொல்லாது.

இதன் சூட்சுமம், தொடத் தொட இறுகுவது. டூல் இதை வெட்டாமல் உரசினால், உரசிய இடம் அந்தக் கணமே கெட்டிப்பட்டுவிடுகிறது. அடுத்த சுற்றில் டூல் சந்திப்பது முன்பிருந்த உலோகத்தை அல்ல. வார்ப்பிரும்பின் தோல் மணல் தந்தது. ஒருமுறை உரித்தால் போயிற்று. ஸ்டெயின்லெஸ்ஸின் தோல் நம் கையே தருவது; ஒவ்வொரு வெட்டிலும் புதிதாக முளைப்பது. போதாக்குறைக்குச் சூட்டையும் கடத்த மாட்டேன் என்கிறது. சாதாரண ஸ்டீலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். சுருளோடு வெளியேற வேண்டிய சூடு டூல் முனையிலேயே தங்குகிறது. ஆகவே சுழல்வேகத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். எச்.எஸ்.எஸ். டூலில் 50 மி.மீ. குறுக்களவுள்ள மைல்ட் ஸ்டீலை நிமிஷத்துக்கு 190 சுற்றில் ஓட்டினால் இதை 95-ல். அதே சமயம் பீடைக் குறைக்கக் கூடாது. போன வெட்டு இறுக்கிவிட்டுப் போன தோலுக்குக் கீழேயே முனை எப்போதும் இருக்கும்படி தைரியமாக உள்ளே போகவேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. கூலன்ட் தாராளமாக ஓடவேண்டும். வார்ப்பிரும்பு கற்றுத்தந்த அத்தனையும் இங்கே தலைகீழ். அங்கே தயக்கம் குணம்; இங்கே தயக்கம்தான் குற்றம். மேஸ்திரி எனக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: "இது சந்தேகப்பட்டா கெட்டியாயிரும் கண்ணு. தொட்டா வெட்டோணும், இல்லாட்டித் தொடாதே."

இதை அவர் எனக்குச் சொன்னார். என் பக்கத்து லேத்தில் இருந்த அண்ணனுக்குச் சொல்லவில்லை. அந்த அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் வார்ப்பிரும்பு மட்டும் கடைந்தவர். கடைகிற சத்தத்தில் ஒரு இழை மாறினால் போதும், வார்ப்பின் உள்ளே இறுகிய இடம் வரப்போகிறது என்று டூல் அங்கே போய்ச் சேருமுன் கையை இளக்கிவிடுவார். ஊரில் பத்துப் பட்டறை தேடினாலும் அப்படி ஒரு காது கிடைக்காது. அவர் கைக்கு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் போயிற்று. சத்தம் மாறியது. இருபது வருஷப் பழக்கம் கையை இளக்கிற்று. டூல் உரசியது. ஷாஃப்ட் இறுகிற்று. அவர் இன்னும் இளக்கினார். முனை கருகி, மறுபடி சாணை பிடித்து, மறுபடி மென்மையாகத் தொட்டு... மூன்று ஷாஃப்ட் போயிற்று. அவருடைய கை மந்தமாகிவிடவில்லை. அன்றைக்கும் அது நுட்பமான கைதான். அந்த நுட்பம்தான் ஷாஃப்ட்டைக் கெடுத்தது. எங்களுக்கெல்லாம் பீஸ் கணக்கில் கூலி. கெட்ட பீஸின் விலை வாரக் கூலியில் பிடித்தம். நாலாவது ஷாஃப்ட்டை முதலாளி அவரிடம் தரவில்லை. அவரை டிரில்லிங் மெஷினுக்கு மாற்றினார். 1985 பொங்கலுக்கு ஊருக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை.

மேஸ்திரி ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். இருவரும் ஒரே வயது. சம வயதுக்காரர், அதுவும் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். அவரிடம் போய் "இப்படிச் செய்யுங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கலாம். அண்ணனும் கேட்டிருக்க மாட்டார். தொழில் ஞானம் மேலிருந்து கீழே ஓடும், பக்கவாட்டில் ஓடாது. என்னை விட்டால் அவருக்குச் சொல்லித்தர வேறு யாரும் இல்லை. நான் சொல்லலாமா? பதினெட்டில் வந்து சேர்ந்த பையன், இருபத்துநாலு வயதில், அண்ணனுக்கு. பட்டறை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

மேஸ்திரிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எனக்கு மிகவும் பிற்பாடுதான் தோன்றியது. அதற்குப் போகுமுன் டெய்லரைப் பற்றிப் பேசியாகவேண்டும்.

ஃப்ரெடரிக் டெய்லர் என்ற பெயரை நம் வட்டத்தில் சிலர் வேறு காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருப்பார்கள். தொழிலாளியின் அசைவுகளை நிறுத்தக் கடிகாரத்தால் அளந்தவர். ஆனால் அவர் உலோகம் வெட்டுவதைப் பற்றியும் இருபத்தாறு வருஷம் ஆராய்ந்திருக்கிறார். 1880-ல் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் தொடங்கி, 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக முடிவுகளை வெளியிட்டார். பதிவான சோதனைகள் மட்டும் 30,000-க்கு மேல். வெட்டிச் சுருளாக்கிய இரும்பும் ஸ்டீலும் 8 லட்சம் பவுண்டுக்கு மேல், 360 டன். ஒரு டர்னர் தீர்மானிக்கவேண்டிய வேகமும் பீடும் பன்னிரண்டு காரணிகளைப் பொறுத்தவை என்று அவர் கண்டார். அவற்றில் முதலாவது வெட்டப்படும் உலோகத்தின் குணம். வெட்டுமுனையில் தாராளமாகத் தண்ணீர் விட்டால் வேகத்தை முப்பது, நாற்பது சதவிகிதம் கூட்டலாம் என்று காட்டினார். மான்ஸெல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில், டூல் ஸ்டீலை அளவுக்கு மேல் சூடேற்றினால் பாழாகும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையை மீறி, கிட்டத்தட்ட உருகும் நிலைவரை கொண்டுபோய்ப் பார்த்தார். பாழாகவில்லை. முனை சிவந்தபின்னும் வெட்டும் டூல் கிடைத்தது. 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் அது வெட்டியதைப் பார்த்து ஐரோப்பா அசந்துபோயிற்று. இன்றும் என் டிராயரில் கிடக்கும் எச்.எஸ்.எஸ். அதன் வாரிசுதான்.

டெய்லரின் நோக்கம் வெளிப்படையானது. டர்னரின் கையில் இருக்கும் குத்துமதிப்பை எடுத்து அட்டவணையாக்கி மேலதிகாரியின் அறைக்குக் கொண்டுபோவது. என்ன வேகம், என்ன பீடு என்று அங்கிருந்து சீட்டு வரும், டர்னர் அதன்படி ஓட்டுவான். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் கொதிப்பார்கள். கையிலிருந்து ஞானத்தைப் பறிப்பது, மனிதனை இயந்திரமாக்குவது என்றெல்லாம். கொதிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்கத்து லேத்து அண்ணனைப் பார்த்த என்னால் அட்டவணையை அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியவில்லை. 1983-ல் அந்த மெஷின் மேல் ஒரு அட்டவணை ஒட்டியிருந்து, அதில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எதிரே இரண்டு எண்கள் இருந்திருந்தால், அவர் தம் கையை மீறி அவற்றைப் பின்பற்றியிருக்கக்கூடும். கையும் பொய் சொல்லும். தனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும். அட்டவணையும் பொய் சொல்லும். அது அசையாத புது மெஷினை மனதில் வைத்து எழுதப்பட்டது. என் லேத்தின் பெட் சக்குப் பக்கம் முப்பது வருஷமாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு பொய்க்கும் நடுவில் சுருள் ஒன்றுதான் உண்மை பேசும். அதன் நிறம், தடிமன், உடைகிற விதம், அது வரும் சத்தம். எச்.எஸ்.எஸ். டூலில் ஸ்டீல் சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம், முனை போகப்போகிறது. கார்பைடில் அதே நீலம் வந்தால் கவலையில்லை. சூடு சுருளோடு போகிறது என்று அர்த்தம். நிறம் ஒன்று, பொருள் இரண்டு.

டெய்லரிடம் எனக்குள்ள பிணக்கு வேறு. அவர் கற்றுக்கொள்ள 360 டன்னை வீணாக்கலாம். அது வீணென்று யாரும் சொல்லவில்லை; சோதனை என்றார்கள். அண்ணனுக்கு ஒரு ஷாஃப்ட்கூட வீணாக்க உரிமை இல்லை. பறிக்கப்பட்டது ஞானம் என்பதைவிட, தவறாக வெட்டிப் பார்க்கும் உரிமை என்றே எனக்குப் படுகிறது. அது ஒரு பக்கம் முழுவதுமாகக் குவிந்துவிட்டது. இன்னொரு பக்கத்தில் வாரக் கூலியில் பிடித்தம்.

மேஸ்திரி எங்கள் பட்டறைக்கு வருமுன் ஒரு பஞ்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். அங்கே ராத்திரி ஷிப்டில் வேலை குறைவு. மூலையில் மிஞ்சிய துண்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும்: ஸ்டெயின்லெஸ், கன்மெட்டல், பேர் தெரியாத பழைய சீமை மெஷின்களின் ஷாஃப்ட். தூக்கம் வராமலிருக்க எடுத்து எடுத்துக் கடைந்து பார்ப்பாராம். கெட்டால் கேட்பாரில்லை. அவருடைய அந்த ஒற்றை வாக்கியம் அங்கேதான் பிறந்திருக்கிறது. ஒரு சம்பளமுள்ள வேலையில், கணக்கில் வராத ராத்திரிகளில், யாருக்கும் விலையில்லாத துண்டுகளில். எவ்வளவு தற்செயலான ஏற்பாடு!

டைட்டானியம் என்னிடம் வந்தது 2008-ல். அதற்குள் எனக்கென்று இரண்டு லேத்தோடு ஒரு ஷெட் இருந்தது. 6 சதவிகிதம் அலுமினியமும் 4 சதவிகிதம் வனேடியமும் சேர்ந்த கலவை. நான்கு பீஸ் வேண்டும், ஐந்து பீஸுக்குத் துண்டு தாருங்கள் என்றேன். வந்தவர் முறைத்தார், விலை அப்படி. தந்தார். கையில் எடுத்தால் ஸ்டீலில் பாதியைவிடச் சற்றே கூடுதலான எடை. காந்தம் பிடிக்காது. சாணையில் ஓரத்தைக் காட்டினேன். மைல்ட் ஸ்டீலில் பொறி நீண்டு கோடாகப் போகும். கரி கூடினால் முனையில் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பில் குட்டையாக, சிவப்பாக. செம்பும் அலுமினியமும் பொறியே விடாது. இது கண் கூசும் வெள்ளையில் பொறிந்தது. பிறகு அரம், பிறகு ஐந்தாவது துண்டைச் சக்கில் பிடித்து முதல் வெட்டு. வேகத்தை மாற்றினால் பீடை மாற்றுவதில்லை. பீடை மாற்றினால் வேகத்தைத் தொடுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு முனையை லென்ஸில் பார்ப்பது. இதைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது.

சுருள் நயமாகத்தான் வந்தது, ஏமாந்திருக்கலாம். இந்தக் கலவை சூட்டைக் கடத்துவது சாதாரண ஸ்டீலில் ஏழில் ஒரு பங்கு. ஸ்டெயின்லெஸ்ஸுக்கே முனை கருகும் என்றால் இதற்குக் கேட்க வேண்டாம். விறைப்பும் ஸ்டீலில் பாதிதான். டூல் அழுத்தினால் விலகி, டூல் போனபின் திரும்பி வந்து முனையின் அடிப்பக்கத்தை உரசும். ஸ்டெயின்லெஸ்ஸில் தைரியம் வேண்டும் என்று படித்த பாடம் இங்கே பாதி செல்லும். நிறுத்தக் கூடாது, உரசக் கூடாது என்பது சரி. ஆனால் வேகத்தை இன்னும் இறக்கவேண்டும், கூர் இன்னும் வேண்டும், முனை மழுங்குமுன்பே மாற்றவேண்டும். மழுங்கிய முனையில் சூடேறினால் மெல்லிய சுருள் தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் கூடாது. அடியில் சுருள் குவிய விடாமல் வாரிக்கொண்டே இருக்கவேண்டும். மெக்னீஷியக் கலவைகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம். அவற்றைக் கடையும் இடங்களில் தீயை மூடிப்போட உலர்ந்த வார்ப்பிரும்புப் பொடியை வைத்திருப்பது ஒரு பழைய வழக்கம். டைட்டானியம் கடைந்த நாட்களில் என் காலடியிலும் ஒரு வாளி இருந்தது. என் மூக்கைக் கறுப்பாக்கிய அதே பொடி.

இன்று சந்தையில் கார்பைடு இன்ஸெர்ட் வாங்கினால் பெட்டியின் மேல் எழுத்தும் நிறமும் இருக்கிறது. ஸ்டீல் என்றால் பி, நீலம். ஸ்டெயின்லெஸ் என்றால் எம், மஞ்சள். வார்ப்பிரும்பு கே, சிவப்பு. அலுமினியம், செம்பு வகையறா என், பச்சை. டைட்டானியமும் நிக்கல் கலவைகளும் எஸ். இறுக்கிய ஸ்டீல் எச், சாம்பல். உலகத்து உலோகங்களெல்லாம் ஆறு எழுத்தில் அடங்கிவிட்டன. சி.என்.சி. மெஷின் முன் நிற்கும் பையன் எழுத்தைப் பார்க்கிறான், பெட்டியின் பின்பக்கத்து எண்களை அடிக்கிறான், கதவை மூடுகிறான். கண்ணாடிக்கு அப்பால் கூலன்ட் வெள்ளம். சுருள் தெரிவதில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து லேத்து அண்ணன் இந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார். ஆனால் பழைய இரும்புக்கடையிலிருந்து பேரில்லாமல் ஒரு ராடு வரும்போது அவனுக்கு எழுத்து கிடைப்பதில்லை. அப்போது அவன் என்ன செய்யவேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வெட்டிப் பார்க்க நேரமும் தரவில்லை. மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

உருவம் முதலா உள்ளடக்கம் முதலா என்று இத்தனை வருஷம் சண்டை போட்ட நம் வட்டத்தில் இதை உவமையாக்கும் ஆசை எவருக்கும் எழும். எனக்கு அதில் விருப்பமில்லை, எழுத்து உலோகமல்ல. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன். தன் ஊரையும் தன் பால்யத்தையும் எழுதித் தேர்ந்த கை, அதுவரை தொடாத ஒரு வாழ்க்கையைத் தொடும்போது, அதே மென்மையோடு, அதே இளக்கத்தோடு தொடுகிறது. நாம் நடை என்று கொண்டாடுகிறோம். தொட்ட இடம் இறுகிவிட்டதா என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை. நம் பத்திரிகைகள் இருநூறும் முந்நூறும் பிரதிகள் அச்சிட்டு நஷ்டப்பட்டுக்கொண்டிருப்பதற்கு ஏதாவது நியாயம் உண்டென்றால், அவை கெட்டால் கேட்பாரில்லாத துண்டுகள் கிடக்கும் மூலையாக இருக்கலாம் என்பதுதான். அங்கேயும் எல்லோரும் தேர்ந்த பீஸையே கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

என் ஷெட்டில் இப்போது இரண்டு பையன்கள். புது உலோகத்தில் வேலை எடுக்கும்போது விலைப்புள்ளியில் தனியாக ஒரு வரி எழுதுகிறேன்: வெட்டிப் பார்க்க ஒரு துண்டு. அது என்ன என்று கேட்கிறார்கள். சொன்னால் பாதிப் பேர் அடித்துவிடச் சொல்கிறார்கள். சிலர் வேலையையே வேறிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போனமாதம் ஒருவர், "இத்தனை வருஷ அநுபவம் இருந்துமாங்க உங்களுக்கு இது வேணும்?" என்றார். ஆமாங்க என்றேன். அந்த வரியை இதுவரை அடிக்கவில்லை.